படுத்துப் பார்த்தா ஒண்ணுமில்ல

மார்ச் 4

அக்கா! அக்கா!! நான் எழுதின புரோகிராம, ஆமா நான்தான், கணக்குல ஃபெயிலான உன் தங்கச்சியேதான், ஸ்கேன் மேடம் நிஜ மெஷின்ல ஏத்திட்டாங்க, இனிமே நிஜ பொம்பளைங்களுக்கு நிஜமா ஸ்கேன் பார்க்கப் போகுது!!!

இரு, மூச்சு விட்டுக்கறேன்.

போன்ல எதுவும் வேண்டாம், லெட்டர் போடு, அதுவும் நீ வேல பார்க்கற லாண்டரி விலாசத்துக்குப் போடுன்னு அம்மாகிட்ட சொல்லி அனுப்பினியாமே. ஏன்னு புரியல. ஆனா பார், பேனா பிடிச்சு எழுதறேன். ஸ்கூல் விட்டப்புறம் இதான் முதல் தடவை. கோழி கிளறின மாதிரி இருக்கும், திட்டாத. எமோஜி போட முடியாம கைய கட்டிப் போட்ட மாதிரி இருக்கு.

ஸ்கேன் மேடம்னா தெரியும்ல? ஸ்கேன் ஆராய்ச்சி பண்ற டாக்டர், நான் அவங்க வீடியோவா பார்த்துப் பைத்தியமா சுத்துவேனே, அவங்கதான். மத்தவங்க சுவத்துல நடிகர் படம் ஒட்டுவாங்க, நான் அவங்க எடுத்த ஸ்கேன் படத்தை ஒட்டி வச்சிருந்தேன். அம்மா அது என்னன்னு தெரியாம வந்தவங்களுக்கெல்லாம் "எங்க சின்னவ மேகப் படம் ஒட்டியிருக்கா பாருங்க"ன்னு காமிச்சுட்டு இருந்தாங்க. அது என்ன மேகம்னு தெரிஞ்சிருந்தா மயக்கமே போட்டிருப்பாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். இடுப்பெலும்புக்கு அடியில ஒரு தசை தூளி கட்டின மாதிரி தொங்குதுக்கா. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணும் அது மேலதான் உக்காந்திருக்கு. பிரசவத்துல குழந்தை தலை இறங்கறப்போ அந்தத் தூளி எலும்புலேர்ந்து பிய்ஞ்சு போகலாம். வெளியில காயமே தெரியாது. அப்புறம் இருமினா மூத்திரம் கசியும், கனம் தூக்கினா அடி இறங்கும். எவ்ளோ பேர் வெளியில சொல்லாமலே ஓட்டறாங்க தெரியுமா! டாக்டருங்க கையால தொட்டுப் பார்த்து குத்துமதிப்பா சொல்றாங்க. இந்த ஸ்கேன்ல வெளியிலேர்ந்தே பார்க்கலாம். சும்மா படுத்திருக்கறப்போ ஒரு படம், இறுக்கறப்போ ஒரு படம், முக்கறப்போ ஒரு படம். முக்கறப்போ அந்தத் தசைக்கு நடுவுல இருக்கற வழி எவ்ளோ அகலுதுன்னு அளக்கணும். ரொம்ப அகண்டுச்சுன்னா தூளி விட்டுப்போச்சு.

இத்தனை நாளா ஒரு ஆள் உக்காந்து மவுஸால ஓரம் ஓரமா கோடு இழுப்பாங்க. மேடம் அந்த புரோகிராம எல்லாரும் பார்க்கற மாதிரி நெட்ல போட்டிருந்தாங்க. நான் சும்மா நோண்டினேன். கோடு தானா விழற மாதிரி மாத்தி அனுப்பினேன். "யார் நீ?"ன்னு பதில் வந்துச்சு. நான் போட்ட கத்துல ஹவுஸ் ஓனர் வந்து கதவத் தட்டிட்டாரு. டிகிரி இல்லன்னு சொன்னேன். "டிகிரியா கோடு போடுச்சு? நாளைக்கு வா"ன்னாங்க. செத்தேன்!

இப்போ என் புரோகிராம் கண் மூடித் தொறக்கறதுக்குள்ள கோடு போட்டு, அளந்து, பச்சையா சிவப்பான்னு சொல்லிடும், பச்சைன்னா நல்லா இருக்கு, சிவப்புன்னா விட்டுப்போச்சு. யாரும் உக்காந்து பார்க்கவே வேண்டாம்!

நீ எப்படி இருக்க? ஏன் இப்பல்லாம் பேசவே மாட்டேங்கற?

உன்
பட்டாசு


மார்ச் 15

பட்டாசு,

கவர் மேலயே ஆச்சரியக்குறி போட்டிருக்க. யாரு இந்த லூசுன்னு லாண்டரி ஆபீஸ்ல கேட்டாங்க. எங்க வீட்டு லூசுதான்னு வாங்கிட்டு வந்தேன்.

சந்தோஷம்டி. நிஜமா. உனக்கு உருப்படியா ஒண்ணும் வராதுன்னு அதிகமா சொன்னது நான்தான். வாபஸ் வாங்கிக்கறேன்.

போன் ஏன் வேண்டாம்னா, எங்க வீட்டு போன் எல்லார் கையிலயும் சுத்துது. பாப்பா அதுல பொம்மை பார்ப்பா. அத்தை வர்ற மெசேஜையெல்லாம் நியூஸ் வாசிக்கற மாதிரி சத்தமா படிப்பாங்க. அதுல எழுத முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு.

அந்தத் தூளி எனக்கு விட்டுப்போச்சுன்னு நினைக்கறேன்.

எழுதிட்டேன். இப்ப அடிச்சாலும் தெரியும், அதனால அப்படியே இருக்கட்டும்.

பாப்பா பொறந்ததுலேர்ந்து இப்படித்தான். காலையில ஒண்ணும் தெரியாது. மத்தியானம் ஆக ஆக கீழ ஏதோ வந்து உக்காந்த மாதிரி இருக்கும். முட்டை மேல நடக்கற மாதிரி நடக்கறேன். நான் இருக்கறது லாண்டரில ஈரப் பக்கம். ஹோட்டல் ரூம் பெட்ஷீட்டெல்லாம் மெஷின்லேர்ந்து ஈரத்தோட அள்ளி வண்டில போடணும். ஒரு கட்டு தூக்கினா எருமைக்கன்னு கனம் இருக்கும். தூக்கறப்பல்லாம் கால இடுக்கிக்கிட்டுத்தான் தூக்கறேன். அப்படியும் கசியும். ஈரப் பக்கம்கறதால யாருக்கும் தெரியல. அந்த மட்டும் நல்லது.

மடிப்பு மேசைக்கு மாத்துங்கன்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். அங்க கனம் இல்ல. "டாக்டர் பேப்பர் கொண்டா, மாத்தறேன்"னாரு. கிளினிக் போனேன். காலையில படுக்க வச்சுப் பார்த்தாங்க. படுத்தா எல்லாம் உள்ள போயிடுதுடி, நான் என்ன பண்ண? "குழந்தை பெத்தா இதெல்லாம் சகஜம்மா"ன்னு அனுப்பிட்டாங்க. உங்க மாமா, "உக்காந்து வேல பார்க்கணும்னா நேரா சொல்லு, எதுக்கு சுத்தி வளைக்கற"ன்னாரு.

ஏன்டி, அந்த மெஷின் நிஜமா பார்த்து சொல்லுமா? நான் சொன்னா நம்பாதவங்க அது சொன்னா நம்புவாங்களா?

அம்மாகிட்ட மூச்சு விடாத.

அக்கா


மார்ச் 22

அக்கா,

உன் லெட்டரை பஸ் ஸ்டாப்ல நின்னு படிச்சேன். பக்கத்துல இருந்த ஆள் தண்ணி பாட்டில் நீட்டினாரு, அவ்ளோ அழுதிருக்கேன் போல. ஏன் சொல்லல? நான் இதையே நோண்டிட்டு உக்காந்திருக்கேன், நீ அங்க இடுக்கிக்கிட்டு நடந்திருக்க!

ஆனா கேளு. கேளு கேளு கேளு!! மேடம் இந்த மெஷினை சில ஊர் கிளினிக்குக்கு சோதனைக்கு அனுப்பியிருக்காங்க. உங்க ஊர் இருக்கு!!! நீ வேல பார்க்கற தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி! பேர் குடுத்துட்டேன், உன்ன கூப்பிடுவாங்க. ஒரே விஷயம், வர்ற படத்துல எது உன்னோடதுன்னு எனக்குத் தெரியாது. படத்து மேல நம்பர் மட்டும்தான் இருக்கும், யாரோட நம்பர்னு எங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு ரூல். பரவால்ல, நான் எதுக்கு? என் பிள்ளை, அதான் என் புரோகிராம், பார்த்துக்கும்.

ரொம்ப ஈஸி. ஒண்ணுக்குப் போயிட்டு வந்து படுக்கச் சொல்வாங்க. ஜெல் போட்டு வெளியிலதான் வைப்பாங்க, வலிக்கவே வலிக்காது. முதல்ல இறுக்கச் சொல்வாங்க, அப்புறம் முக்கச் சொல்வாங்க. சொல்றதை நல்லா செய், அவ்ளோதான். சிவப்பு வரும், பேப்பர் வாங்கிக்கோ, சூப்பர்வைசர் மேசைல வை, மாமா கண்ணு முன்னாடி ஆட்டு. சிவப்பு வந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கும் அவங்களே எழுதிக் குடுத்துடுவாங்க.

பயப்படாத. டாக்டர் கை பொய் சொல்லலாம். படம் பொய் சொல்லாது.

பட்டாசு


ஏப்ரல் 9

போயிட்டு வந்தேன்.

சின்ன ரூம். ஏசி வேற. கட்டில் மேல பேப்பர் விரிச்சிருந்துச்சு, அசைஞ்சா சரசரன்னு சத்தம் வருது. ஸ்கேன் சிஸ்டர் உன் வயசுதான் இருப்பா. கருவிக்கு உறை மாட்டி ஜெல் போட்டு வச்சா. ஸ்கிரீன் அவ பக்கம் திரும்பியிருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது மேல இருந்த டியூப்லைட் மட்டும்தான்.

இறுக்குங்கன்னா. இறுக்கினேன். அதான் நாள் பூரா செய்யற வேலையாச்சே.

அப்புறம் முக்குங்கன்னா. பிரசவத்துல எல்லாருமா சேர்ந்து முக்கு முக்குன்னு கத்தினாங்க, முக்கினேன், அதோட பலன்தான் இதெல்லாம். மறுபடியும் அதே வார்த்தைய கேட்டதும் உடம்பே கல்லாயிடுச்சு. அதுவுமில்லாம அந்த பேப்பர். நனைச்சுடுவேனோன்னு உயிரே போச்சு. வெளியில வேற ஆம்பளைங்க உக்காந்திருந்தாங்க. பல்ல கடிச்சு, மூச்ச பிடிச்சு, முகமெல்லாம் சிவக்க எப்படியோ செஞ்சேன். ஒரு சொட்டு விழல. சிஸ்டர் என் முகத்தைப் பார்த்து "சூப்பர்க்கா, நல்லா பண்றீங்க"ன்னா. ஏதோ பரீட்சை பாஸான மாதிரி இருந்துச்சு.

பாஸ்தான். உன் பிள்ளை பச்சை போட்டுடுச்சு. "இயல்பு நிலை. தசை வலு நன்று."

சிஸ்டர் கைகுடுக்காத குறை. "பயந்துட்டீங்க பாருங்க, ஒண்ணுமில்ல"ன்னா. மத்தியானத்துக்கு மேலதான் எறங்கும்மான்னு சொல்லிப் பார்த்தேன். "மெஷினே சொல்லிடுச்சேக்கா"ன்னா.

சூப்பர்வைசருக்கு நான் பேப்பர் கொண்டு வரேன்னு ஏற்கனவே சொல்லி வச்சிருந்தேன். என் புத்திய செருப்பால அடிக்கணும். வாங்கிப் பார்த்தாரு. "வலு நன்றுன்னு போட்டிருக்கேம்மா"ன்னு சிரிச்சாரு. இப்போ என்ன லாண்டரிலயே பெரிய வாஷிங் மெஷின்ல போட்டிருக்காரு.

உங்க மாமா அதை ஃப்ரிட்ஜ் மேல காந்தம் வச்சு ஒட்டியிருக்காரு, பாப்பா வரைஞ்ச யானைக்குப் பக்கத்துல. நான் முகத்தைச் சுளிச்சா அந்தப் பக்கம் கை காட்டறாரு. அத்தை கூட, "அவதான் டெஸ்ட் எடுத்தாச்சே"ன்னு இப்பல்லாம் கேக்கறதே இல்ல. முன்னாடியாவது அப்பப்ப சந்தேகமா பார்ப்பாங்க. அந்த சந்தேகம்தான் எனக்கு இருந்த ஒரே துணை. அதுவும் போச்சு.

படம் பொய் சொல்லாதுன்னு எழுதியிருந்த.

அப்ப நான் சொல்றேனா?


ஏப்ரல் 17

அக்கா

முக்கச் சொன்னப்போ நீ இறுக்கிட்ட.

ஐயோ அக்கா, உன் மேல தப்பே இல்ல, அந்த இடத்துல எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. முக்கறப்போ தசை தளரணும், அப்பதான் வழி அகலும், அப்பதான் பிய்ஞ்சது தெரியும். நீ பேப்பர் நனையக் கூடாதுன்னு உன் பலம் எல்லாத்தையும் போட்டு மூடிப் பிடிச்ச. மிச்சம் இருக்கற தசையெல்லாம் இழுத்துப் பிடிச்சிருக்கும். என் புரோகிராம் அந்த ஒரு படத்தை எடுத்து, அளந்து, "சின்னதாதான் இருக்கு"ன்னு பச்சை போட்டுடுச்சு.

அது முக்கலா இறுக்கலான்னு அதுக்குத் தெரியாதுக்கா. நான் சொல்லிக் குடுக்கவே இல்ல. முன்னாடி மவுஸ் பிடிச்சு கோடு போட்டாங்களே, அவங்க ஓடற படத்தைப் பார்ப்பாங்க. மூத்திரப்பை கீழ வரதுக்கு பதிலா மேல போனா, "இது முக்கல் இல்ல, மறுபடி எடுங்க"ன்னு சொல்வாங்க. யாரும் பார்க்க வேண்டாம்னு நான் எவ்ளோ குதிச்சேன்! அவங்க பார்த்தது கோட்டை மட்டும் இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டவ. ஒரு பொம்பள அந்தக் கட்டில்ல படுத்திருக்கறதை இதுவரைக்கும் நேர்ல பார்த்ததே இல்ல.

உன் லெட்டரோட நேரா மேடம் ரூமுக்கு ஓடினேன். (பேர் சொல்லல. யாரோன்னுதான் சொன்னேன்.) பொறுமையா கேட்டாங்க.

"இது நடக்கறதுதான்மா. தெரிஞ்ச சிக்கல்தான். சிஸ்டர்கள் பார்த்துப்பாங்கன்னு நினைச்சோம்."

"சிஸ்டர்கள் பச்சைய பார்த்துட்டு விட்டுடறாங்க மேடம். நான் ரெண்டே நாள்ல சரி பண்ணித் தரேன்."

"சோதனை நடுவுல புரோகிராம மாத்தக் கூடாது. மாத்தினா இதுவரைக்கும் எடுத்தது எல்லாம் வீணாயிடும். முடிஞ்சப்புறம் அடுத்ததுல சேர்ப்போம்."

"அவங்களுக்கு மட்டும் மறுபடி எடுக்கலாமா?"

"ஒருத்தருக்கு ஒரு ரிசல்ட்தான். ஒருத்தருக்குன்னு கதவத் தொறந்தா எனக்கே அந்த ரிசல்ட் மேல நம்பிக்கை போயிடும்."

மேடம் கத்தல அக்கா. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். கண்ணாடிய கழட்டி வச்சுட்டு, "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு"ன்னாங்க. அவங்க எடுத்த படத்தைத்தான்கா நான் சுவத்துல ஒட்டி வச்சிருந்தேன்.

நெட்ல புரோகிராம் எழுதறவங்க குரூப்ல இதை எழுதிப் போட்டேன். "ஒரு கேஸ் வச்சு என்ன சொல்ல முடியும்"னு ஒருத்தன். ஒருத்தன் சிரிக்கற பொம்மை போட்டான். நானும் எத்தனையோ இடத்துல அதே பொம்மைய போட்டிருக்கேன். அது இவ்ளோ அசிங்கமா இருக்கும்னு தெரியாது.

மறுபடி கிளினிக் போ அக்கா, சோதனைக்காக இல்ல, சாதாரணமா டாக்டரைப் பார்க்க. வேல முடிச்சுட்டு நேரா போ, எறங்கியிருக்கறப்போ போ. நிக்க வச்சுப் பார்க்கச் சொல்லு. ப்ளீஸ். ஒரே ஒரு தடவை.

உன்


மே 2

நீ சொன்ன மாதிரியே போனேன். லாண்டரி யூனிஃபார்மோட. வழில பாதி தூரம் சுவத்த பிடிச்சுத்தான் நடந்தேன்.

டாக்டர் என்ன பார்க்கவே இல்ல, கம்ப்யூட்டரைப் பார்த்தாங்க.

"ஸ்கேன் நார்மல்னு இருக்கே."

"அது தப்பா எடுத்தது டாக்டர். நான் முக்கறதுக்கு பதிலா இறுக்கிட்டேன்."

"யாரு சொன்னா?"

"என் தங்கச்சி. அவதான் அந்த மெஷினுக்கு..."

"தங்கச்சி டாக்டரா?"

என்னன்னு சொல்ல? வீடியோ பார்ப்பான்னா?

"நிக்க வச்சுப் பாருங்க டாக்டர், இப்ப எறங்கியிருக்கு." "அப்படிப் பார்க்கற வழக்கம் இல்லம்மா, படுங்க." படுத்தேன். கட்டில்ல சாயறப்பவே உள்ள நழுவிப் போறது தெரிஞ்சுது. உள்ளேயே இருடா பாவின்னு எத்தனை நாள் கெஞ்சியிருக்கேன், அன்னிக்கு வெளிய வாடான்னு கெஞ்சினேன். வரல. டாக்டர் கைய கழுவிட்டு, "மனசுல எதுவும் போட்டுக்காதீங்க"ன்னு சொல்லி தூக்க மாத்திரை எழுதிக் குடுத்தாங்க.

போன வாரம் பெரிய மெஷின்லேர்ந்து கட்டு இழுக்கறப்போ, கீழ எறங்கறது முழுசா வெளிய வந்துடுச்சு. பாத்ரூம்ல போய் கையாலதான் உள்ள தள்ளினேன். கதவுக்கு வெளிய அயர்ன் போடற அக்கா நின்னுட்டு இருந்தாங்க. நான் வெளிய வந்ததும், "இனிமே தள்றதுக்கு முன்னாடி விரல்ல சோப்பு போட்டுக் கழுவிக்கோ, கழுவாமதான் எனக்குப் புண்ணாச்சு"ன்னாங்க. எத்தனை வருஷமா பக்கத்துல பக்கத்துல வேல பார்க்கறோம்! அவங்களும் அந்த ஸ்கேன் மெஷினுக்குப் போயிருக்காங்க. அவங்களுக்கும் பச்சைதானாம்.

உன்ன நல்லா திட்டணும்னுதான் எழுத உக்காந்தேன். திட்டே வரல. நீ என்ன பண்ணுவ?

இனிமே இதப் பத்தி எழுதாத. பாப்பா பத்தி கேளு, எழுதறேன். இப்ப "தூக்கு, தூக்கு"ன்னு கைய விரிச்சுட்டு வரா. நான் கீழ உக்காந்து கட்டிக்கறேன். அம்மாவுக்கு தூக்கத் தெரியாதுன்னு நினைச்சுட்டா போல, இப்பல்லாம் அப்பாகிட்டதான் ஓடறா.

அக்கா


ஜூன் 6

அக்கா,

எழுதாதன்னு சொன்ன. ஒரு மாசமா பல்ல கடிச்சுட்டு இருந்தேன். முடியல. நீ பதில் போடாட்டியும் பரவால்ல, படி.

சரி பண்ணிட்டேன். அழகா சரி பண்ணிட்டேன். மூத்திரப்பை எந்தப் பக்கம் நகருதுன்னு பார்த்து, மேல போச்சுன்னா, "இது முக்கல் இல்ல, அவங்களுக்கு தைரியம் சொல்லி மறுபடி எடுங்க"ன்னு எழுதிக் காட்டும். என் கம்ப்யூட்டர்ல ஓடுது. என் கம்ப்யூட்டர்ல மட்டும் ஓடுது. எந்தக் கிளினிக்லயும் ஏத்த மாட்டாங்க. மேடம் பார்த்தாங்க, "ரொம்ப நல்லா இருக்கு"ன்னாங்க, "அடுத்ததுக்கு எடுத்து வை"ன்னாங்க. அடுத்தது எப்போன்னு கேட்டேன். ஜன்னலைப் பார்த்தாங்க.

இதுவரைக்கும் வந்த ஓடற படத்தையெல்லாம் அதுல போட்டுப் பார்க்கலாம்னு ஆரம்பிச்சேன். பேர் இல்ல, முகம் இல்ல, சாம்பல் கலர் மேகம் மட்டும்தான். கொஞ்சத்துல நிறுத்திட்டேன். ஒவ்வொருத்தரும் மூடிப் பிடிக்கறாங்கக்கா. முக்குன்னு சொன்ன அந்த நொடில எல்லாம் மேல ஏறுது. ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் என் பச்சை. இதுல எது நீன்னு தேடினேன். கண்டுபிடிக்க முடியல. எல்லாமே நீ மாதிரிதான் இருந்துச்சு.

நான் இங்க உக்காந்து அழுதுட்டு இருக்கறப்பவும் அது எங்கயோ யாருக்கோ பச்சை போட்டுட்டுதான் இருக்கு. என்னால அதை நிறுத்த முடியல. உன்ன மடிப்பு மேசைக்கு மாத்த முடியல. ஃப்ரிட்ஜ்லேர்ந்து அந்தப் பேப்பரைக் கிழிக்கக் கூட முடியல. வேலைய விட்டுடலாம்னு நினைச்சேன். விட்டா அது இன்னும் நிம்மதியா ஓடும். அதனால இருக்கேன். தினம் போய் உக்காரறேன், தினம் கேக்கறேன், தினம் "அடுத்ததுல"ன்னு சொல்றாங்க.

மெஷினை மாத்த முடியல. படுக்கப் போறவங்ககிட்ட முன்னாடியே சொல்ல முடியுமான்னு மட்டும்தான் இப்ப யோசிக்கறேன். நான் சொன்னா யார்கிட்ட போய்ச் சேரும்? என் குரூப்ல இருக்கறவங்கள்ல ஒருத்தர் கூட ஈரக் கட்டு தூக்கினது இல்ல. உன்கிட்டதான் கேக்க முடியும். உன்ன மறுபடியும் வேல வாங்கறேன், தெரியுது.

கீழ எழுதறதை மட்டும் தனியா கிழிச்சு எடு. அயர்ன் அக்காகிட்ட குடு. அவங்க இன்னொருத்தர்கிட்ட குடுக்கட்டும். பாத்ரூம் கதவுக்கு உள் பக்கம் ஒட்டினாலும் சரி, ஆம்பளைங்க பார்க்காத இடம்தானே.

அக்காமாரே, தங்கச்சிமாரே, அந்த ஸ்கேன் மெஷினுக்கு புரோகிராம் எழுதினவ நான்தான். ஸ்கேன் கட்டில்ல முக்கச் சொன்னா உங்க உடம்பு பயத்துல இறுக்கும். இறுக்கினா மெஷின் ஏமாந்துடும். அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சிஸ்டர்கிட்ட சொல்லுங்க, "எனக்குக் கசியும், நான் பயந்து மூடிப்பேன், சரியா வர வரைக்கும் மறுபடி மறுபடி எடுங்க"ன்னு. அவசரப்படுத்தினா எழுந்திரிக்காதீங்க. ஸ்கிரீனை உங்க பக்கம் திருப்பச் சொல்லுங்க. வேல முடிஞ்சு, எறங்கியிருக்கற நேரத்துல போங்க. தனியா போகாதீங்க, ரெண்டு மூணு பேரா போங்க, ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிச்சுக்கோங்க. ஏற்கனவே பச்சை வாங்கினவங்க இருந்தா, என்ன ஆச்சுன்னு நாலு வரி எனக்கு எழுதுங்க. எழுத வராதுன்னா என் அக்காகிட்ட சொல்லுங்க, அவ எழுதுவா. ஒருத்தர் சொன்னா ஒரு கேஸ்னு சிரிக்கறாங்க. நீங்க எல்லாரும் எழுதினா அத்தனை லெட்டரையும் கொண்டு போய் அந்த மெஷினை நடத்தறவங்க மேசைல கொட்டறேன். அப்பவும் மாத்துவாங்களான்னு எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா எழுதுங்க. படிச்சுட்டு பக்கத்துல இருக்கறவங்களுக்குக் குடுங்க.

பேப்பர் நனையுமேன்னு பயப்படாதீங்க. அதை நனையறதுக்குத்தான் விரிச்சிருக்காங்க.

பட்டாசு